நாற்றுத் தட்டுக்கு எந்த விளக்கு? ஜன்னல் முதல் குரோ லைட் வரை ஓர் ஒப்பீடு

விதை முளைத்த மூன்றாம் நாளே தண்டு நூலாக நீண்டு, தலைப் பாரம் தாங்காமல் சாய்கிறதா? பெரும்பாலும் விதையில் குறை இருக்காது. வெளிச்சம் போதவில்லை. சரி, விளக்கு வாங்கலாம் என்று தேடினால் அங்கே வேறு குழப்பம் காத்திருக்கிறது. ஊதா ஒளி வீசும் விளக்கு, "1000 வாட்" என்று பெட்டியில் அச்சிட்ட பேனல், கவ்வி வைத்து மாட்டும் நாலு தலை விளக்கு, பக்கத்திலேயே சாதாரண எல்இடி டியூப். எல்லாமே செடி வளர்க்கும் என்றுதான் சொல்கின்றன.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் கண். இரவில் நன்றாக விளக்கெரியும் ஒரு கூடத்தில் 200 முதல் 500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) வரைதான் ஒளி இருக்கும். உச்சி வெயிலில் வெளியே 1,00,000 லக்ஸ். இரண்டு இடத்திலும் நம்மால் எழுத்தைப் படிக்க முடிகிறது, ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. செடியால் அது முடியாது. ஆகவே "நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது" என்ற கணிப்பை இங்கே ஒதுக்கிவைத்துவிட வேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

தட்டின் மேல் விழும் ஒளி. செடிக்கான ஒளியை ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்று அளக்கிறார்கள். விளக்கு விவரத் தாள்களில் இது பிபிஎஃப்டி என்ற பெயரில் இருக்கும். கீரை, லெட்யூஸ் நாற்றுகளுக்கு 100 முதல் 200 போதும். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு 200 முதல் 300 வரை வேண்டும். இதை அளக்கும் கருவி விலை கூடியது. வெள்ளை எல்இடியாக இருந்தால் கைபேசியின் லக்ஸ் செயலியே ஓரளவுக்கு உதவும்: லக்ஸ் எண்ணை 70 ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கணக்கு ஏறத்தாழ வந்துவிடும். 14,000 லக்ஸ் என்றால் 200. வெயிலுக்கு 54 ஆல் வகுக்க வேண்டும். ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, நீலத்தையும் சிவப்பையும் அது குறைத்தே காட்டும்.

எத்தனை மணி நேரம். செடிக்கு முக்கியம் ஒரு நாளில் சேரும் மொத்த ஒளி. 200 மைக்ரோமோலில் 16 மணி நேரம் எரித்தால் நாளுக்குச் சுமார் 11.5 மோல் சேரும். காய்கறி நாற்றுக்கு 10 முதல் 15 வரை நல்ல இலக்கு. விளக்கு சற்றுப் பலவீனமாக இருந்தால் நேரத்தைக் கூட்டி ஈடுகட்டலாம், ஆனால் 16 அல்லது 17 மணிக்கு மேல் வேண்டாம். தக்காளிக்கும் கத்தரிக்கும் 24 மணி நேரமும் விளக்கெரித்தால் இலை மஞ்சளித்துக் கெடும். வெங்காய நாற்றுக்கு நீண்ட பகலே சிக்கல்: நாற்றுப் பருவத்திலேயே அது கிழங்கு கட்டத் தொடங்கிவிடலாம். அதற்கு 12 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த விளக்கானாலும் ஒரு டைமர் கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு பரப்பு. தட்டின் நடுவில் 300, மூலையில் 80 என்றால், மூலையில் உள்ள நாற்றுகள் நடுவை நோக்கிச் சாயும். விளக்கின் வலிமையைப் பார்க்கிற அளவுக்கு அதன் நீள அகலத்தையும் பார்க்க வேண்டும்.

இடமும் சூடும். விளக்குக்கும் இலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி தேவை என்பதை வைத்துத்தான் ஓர் அலமாரியில் எத்தனை தட்டு அடுக்கலாம் என்று முடிவாகும்.

மொத்தச் செலவு. வாங்கும் விலை, மின்சாரம், மாற்றுக் குழல், தொங்கவிடும் சாமான், உங்கள் நேரம் எல்லாம் சேர்ந்தது.

நிறத்தை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. விற்பனையாளர்கள் அதைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். நாற்றுப் பருவத்தில் அதுதான் மிகச் சிறிய காரணி. 4000 முதல் 6500 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் எண்) வரையிலான எந்த வெள்ளை எல்இடியும் போதும். 6500 பக்கம் போகப் போக நீலம் கூடுவதால் தண்டு சற்றுக் குட்டையாக, உறுதியாக வரும். 2700 கெல்வின் மஞ்சள் வெள்ளை சற்று நீளவிடும். இந்த வேறுபாடு எதுவுமே ஒளி குறைவதால் வரும் கேட்டுக்கு இணையாகாது.

## ஜன்னல்

செலவில்லாத வழி என்று தோன்றும். சூரியன் கடந்துபோகும் திசையைப் பார்த்த, எதிரே மரமோ சுவரோ இல்லாத ஜன்னலில், கண்ணாடியை ஒட்டி வைத்தால் சில மணி நேரம் நல்ல ஒளி கிடைக்கும். மேகம் சூழ்ந்த நாளில் அது அப்படியே சரிந்துவிடும். கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வைத்தால், தட்டுக்குத் தெரியும் வானத்தின் பரப்பே சுருங்கி, ஒளி பல மடங்கு குறைந்துவிடும்.

அடுத்த தொல்லை, ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவது. ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் தண்டின் நிழல் பக்கத்தில் சேர்ந்து அந்தப் பக்கத்தை மட்டும் நீட்டுகிறது, அதனால்தான் நாற்று ஜன்னலை நோக்கி வளைகிறது. தினம் ஒருமுறை தட்டைத் திருப்பினால் தண்டு நேராகும். மொத்த ஒளி அதனால் கூடிவிடாது. தட்டின் பின்புறம் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்திவைப்பது நல்ல பலன் தரும்.

மறைமுகச் செலவு என்றால், இரவில் கண்ணாடியோரம் குளிர்ந்துவிடுவதுதான். மிளகாய் முளைக்க மண்ணில் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். குளிர்ந்த ஈர மண்ணில் நாற்றழுகல் நோய்தான் முந்திக்கொள்ளும்.

ஜன்னல் போதுமான இடங்களும் உண்டு: வெள்ளரி, பூசணி, அவரை போல வேகமாக முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் வெளியே போய்விடும் பயிர்கள், அதுவும் பகல் நீண்ட மாதங்களில். எட்டு வாரம் உள்ளே இருக்க வேண்டிய மிளகாயை ஜன்னலை மட்டும் நம்பி விதைக்காதீர்கள்.

## குண்டு பல்பு

வேண்டாம். உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. போதிய ஒளிக்காக அருகே கொண்டுபோனால் இலை கருகும், தள்ளி வைத்தால் ஒளி எட்டாது. அதன் ஒளியில் நிறைந்திருக்கும் தொலைச் சிவப்பு (சிவப்பை அடுத்து, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒளி), செடியை நிழலில் இருப்பதாக எண்ணவைத்துத் தண்டை நீட்டும்.

## புளோரசன்ட் குழலும் சிஎஃப்எல்லும்

பல்லாண்டுகள் வீட்டு நாற்றங்காலைச் சுமந்தவை இவைதான், இன்றும் நாற்று வளர்க்கத் தகுதியானவையே. 26 மில்லிமீட்டர் தடிமனுள்ள டி8 நான்கடிக் குழல் 32 வாட்டில் சுமார் 2,800 லூமன் தரும் (லூமன் என்பது விளக்கு வெளியிடும் மொத்த வெளிச்சம்; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ்). 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள டி5 உயர் ஒளி வகை 54 வாட்டில் சுமார் 5,000 லூமன். குழல் தொட்டால் சுடாத அளவுக்குத்தான் வெப்பமாகும் என்பதால் டி8 குழலை இலைக்கு 5 முதல் 10 செ.மீ. உயரத்திலேயே வைக்கலாம். டி5க்கு இன்னும் சற்று இடைவெளி விடுங்கள்.

குறைகள் மெல்லத்தான் தெரியும். குழலின் இரு முனைகளும் நடுவை விட மங்கல், அதனால் ஓரத் தட்டுகளை வாரம் இருமுறை இடம் மாற்ற வேண்டும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் ஒளி ஆண்டுக்காண்டு குறையும், கண்ணுக்குத் தெரியாது. "போன வருடம் நன்றாக வந்த நாற்று இந்த வருடம் ஏன் நீள்கிறது" என்ற கேள்விக்குப் பல நேரம் பழைய குழல்தான் விடை. உள்ளே பாதரசம் இருப்பதால் உடைந்தால் கவனமாக அள்ள வேண்டும், குப்பையில் போடவும் கூடாது. இன்னொன்று: இந்தக் குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த, பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2023ல் ஒப்புக்கொண்டுவிட்டன. மாற்றுக் குழல் கிடைப்பது அரிதாகிக்கொண்டே போகும்.

சிஎஃப்எல், அதாவது குழலைச் சுருட்டிச் செய்த சிறிய பல்பு, ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறும். மேலே ஒரு குடை இல்லாவிட்டால் பாதி ஒளி கூரைக்குப் போய்விடும். 23 வாட் விளக்கு ஒன்று மூன்று நான்கு சின்னத் தொட்டிகளுக்குத்தான் தாங்கும்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல புளோரசன்ட் பட்டி (குழலைப் பொருத்தும் சட்டம்) இருந்தால் பயன்படுத்துங்கள். புதிதாகக் காசு கொடுத்து வாங்க இப்போது எந்தக் காரணமும் இல்லை.

## வெள்ளை எல்இடி டியூப்

பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான விடை. 20 வாட்டில் சுமார் 2,000 லூமன் தரும் நான்கடி எல்இடி டியூப், ஒளியைக் கீழ்ப்புறமாகவே வீசுகிறது, சூடாவதும் குறைவு. நீளமாக இருப்பதால் தட்டு வரிசை முழுவதும் சீராக ஒளி விழும். இலைக்கு மேல் 8 முதல் 15 செ.மீ. உயரம் போதும், ஆகவே ஒரே அலமாரியில் மூன்று நான்கு அடுக்கு வளர்க்கலாம்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் எண்ணிக்கை. ஒரு டியூப்பை மாட்டிவிட்டு, எல்இடி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் புரியும். 200 மைக்ரோமோல் வேண்டும் என்றால் தட்டில் 14,000 லக்ஸ் விழ வேண்டும். கால் பங்கு ஒளி ஓரங்களில் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 19,000 லூமன் தேவை. 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள அலமாரித் தட்டு 0.36 சதுர மீட்டர், அதற்கு 6,800 லூமன். அதாவது மூன்று அல்லது நான்கு டியூப். அகலம் 50 செ.மீ. என்றால் ஆறு டியூப் வரை போகும். கீரை மட்டும் வளர்ப்பவர் இதில் பாதியோடு நிறுத்தலாம்.

டியூப்களுக்கு நடுவே 8 முதல் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். பக்கங்களில் வெள்ளைப் பூச்சுள்ள அட்டையோ தெர்மோகோல் தகடோ நிறுத்தினால் வீணாகும் ஒளியில் ஒரு பகுதி தட்டுக்கே திரும்பும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தருவது வேறெதுவும் இல்லை.

பழைய புளோரசன்ட் பட்டியில் எல்இடி டியூப்பைப் பொருத்த நினைத்தால் நில்லுங்கள். சில டியூப்களுக்குப் பட்டியிலுள்ள சோக்கை நீக்கி வயரிங்கை மாற்ற வேண்டும். ஒரு முனையில் மின்சாரம் வாங்குவதும் உண்டு, இரு முனையில் வாங்குவதும் உண்டு, மாற்றிப் பொருத்தினால் ஆபத்து. பட்டியும் விளக்கும் ஒன்றாகவே வரும் வகையை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. மறைமுகச் செலவில் சங்கிலியும் கொக்கியும் சேரும். நாற்று வளர வளர விளக்கை உயர்த்த வேண்டுமே. விளக்கு நிலையாக இருந்தால் தட்டின் அடியில் பலகை அடுக்கி வைத்து, நாற்று உயர உயர ஒவ்வொன்றாக உருவுங்கள்.

## குரோ லைட் பேனல்

செடிக்கென்றே செய்த நல்ல பேனல், ஒரு வாட்டுக்கு நொடிக்கு 2.5 மைக்ரோமோலுக்கு மேல் தரும். சாதாரண வெள்ளை டியூப்பில் இது 1.4 அளவில்தான். பெட்டியில் உள்ள பெரிய எண்ணை நம்பாதீர்கள். "1000 வாட்" என்று பெயரிட்ட பல பேனல்கள் சுவரிலிருந்து இழுப்பது 100 வாட்தான். விவரத் தாளில் உண்மையான மின் நுகர்வையும், வெவ்வேறு உயரத்தில் தட்டின் நடுவிலும் மூலையிலும் எத்தனை மைக்ரோமோல் என்ற வரைபடத்தையும் தேடுங்கள். அவை இல்லாத பேனலை வாங்க வேண்டாம்.

நாற்றுக்கு இதில் எதிர்த் தொல்லை: ஒளி கூடிவிடும். 100 வாட் பேனல் ஒன்றை 60க்கு 60 செ.மீ. பரப்பின் மேல் முழு வேகத்தில் எரித்தால் 500 மைக்ரோமோலைத் தாண்டும். வித்திலையை (விதையிலிருந்து முதலில் விரியும் இலை) விட்டு இப்போதுதான் நிமிர்ந்த நாற்றின் மேல் இலைகள் வெளுத்து, ஓரம் சுருளும். ஆகவே ஒளியைக் குறைக்கும் திருகு உள்ள பேனல் மட்டுமே நாற்றுக்கு ஏற்றது. திருகு இல்லாவிட்டால் உயரத்தில் தூக்கிவைத்தும் குறைக்கலாம், ஆனால் அப்போது முழு மின்சாரத்தையும் எரித்து, ஒளியைச் சுவருக்குக் கொடுக்கிறீர்கள். 30 முதல் 45 செ.மீ. இடைவெளி தேவைப்படுவதால் அடுக்கு அலமாரிக்கும் இது ஒத்துவராது.

கூடுதல் விலை மின்சாரத்தில் திரும்பக் கிடைக்குமா? அதே 0.36 சதுர மீட்டருக்கு, அதே 200 மைக்ரோமோலுக்கு டியூப்கள் சுமார் 67 வாட் எடுக்கும், பேனல் 40 வாட்டில் முடித்துவிடும். நாளுக்கு 16 மணி நேரத்தில் மிச்சம் 0.43 யூனிட். வருடத்தில் 60 நாள் மட்டும் நாற்று வளர்ப்பவருக்கு 26 யூனிட்தான் மிச்சம், விலை வித்தியாசம் எளிதில் ஈடாகாது. வருடம் முழுவதும் உள்ளேயே லெட்யூஸ், மூலிகை வளர்ப்பவருக்கு 157 யூனிட். அவர் பேனல் வாங்குவது நியாயமான கணக்கு.

## ஊதா விளக்கும் கவ்வி விளக்கும்

பச்சை ஒளி செடிக்கு வீண் என்ற எண்ணத்தில் பிறந்தவை ஊதா விளக்குகள். கீத் மெக்ரீ 1972ல் வெளியிட்ட அளவீடுகளே பச்சை ஒளியிலும் இலைகள் நன்றாக ஒளிச்சேர்க்கை செய்வதைக் காட்டிவிட்டன. ஊதா ஒளியில் செடி வளரும், சந்தேகமில்லை. ஆனால் அந்த நிறத்தில் இலை மஞ்சளிப்பதோ, புள்ளி விழுவதோ, பூச்சி ஒட்டியிருப்பதோ தெரியாது. நாற்றங்காலில் நோயை இரண்டு நாள் முன்னதாகப் பார்ப்பதுதான் தட்டைக் காப்பாற்றும், அதை இழக்கிறோம்.

கவ்வி விளக்குகளில் பல யுஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் இயங்குபவை. 2 ஆம்பியர் அடாப்டரில் மாட்டினால் மொத்தமே 10 வாட்தான், பெட்டியில் 80 என்று போட்டிருந்தாலும். மேசையில் இரண்டு மூன்று தொட்டிக்கு, 10 முதல் 15 செ.மீ. நெருக்கத்தில் வைத்தால் பயன்படும். முழுத் தட்டுக்கு ஆகாது.

## ஒரே பார்வையில்

| விளக்கு | இலைக்கும் விளக்குக்கும் இடைவெளி | ஒளி பரவும் விதம் | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஜன்னல் | கண்ணாடியை ஒட்டி | ஒரு பக்கம் மட்டும் | தினம் திருப்புதல், இரவுக் குளிர் | வெள்ளரி, பூசணி போன்ற குறுகிய கால நாற்று |
| டி8, டி5 குழல் | டி8க்கு 5–10 செ.மீ., டி5க்குச் சற்றுக் கூட | நீளவாக்கில் சீர், முனைகள் மங்கல் | ஒளி தேய்தல், பாதரசம் | ஏற்கெனவே வைத்திருப்பவர் |
| சிஎஃப்எல் | 5–10 செ.மீ. | புள்ளி, சிதறும் | குடை | சில தொட்டிகள் |
| வெள்ளை எல்இடி டியூப் | 8–15 செ.மீ. | நீளவாக்கில் சீர் | பல டியூப், சங்கிலி | பருவத்துக்கு ஒன்று முதல் எட்டுத் தட்டு |
| குரோ லைட் பேனல் | 30–45 செ.மீ. | சதுரமாக, நடுவில் கூடுதல் | உயரம், ஒளி குறைக்கும் திருகு | வருடம் முழுதும் உள்ளே வளர்ப்பவர் |
| கவ்வி விளக்கு | 10–15 செ.மீ. | சிறு வட்டம் | கூடுதலாகச் சொல்லப்படும் வாட் | இரண்டு மூன்று தொட்டி |

## எதை வாங்கினாலும் கெட்டுப்போகும் இடங்கள்

தக்காளி, மிளகாய் விதைகள் இருட்டிலும் முளைக்கும். அதனால் விளக்கைத் தாமதமாகப் போடுகிறார்கள். முதல் முளை மண்ணுக்கு மேல் தலைகாட்டிய அன்றே விளக்கு எரிய வேண்டும். அந்த இரண்டு நாளில் நீளும் தண்டு பிறகு குட்டையாகாது. தக்காளியாக இருந்தால் மாற்றி நடும்போது தண்டை வித்திலை வரை புதைத்து மீட்கலாம், அதில் வேர் விடும். வெள்ளரியில் அப்படிச் செய்தால் தண்டு அழுகும் ஆபத்து உண்டு.

முளைத்த பிறகும் வெப்பப் பாயை (தட்டின் அடியில் வைத்து மண்ணைச் சூடாக்கும் மின் பாய்) சூடாகவே வைத்திருப்பது இன்னொரு பிழை. சூடு கூடி ஒளி குறைந்தால் தண்டு நீளும். எல்லா விதையும் முளைத்ததும் பாயை அணைத்து, மூடியை எடுத்துவிடுங்கள். சிறிய விசிறி ஒன்றை இலை லேசாக அசையும் அளவுக்கு ஓடவிட்டால் தண்டு பருக்கும், மண் மேற்பரப்பும் காயும்.

இலையின் அடிப்புறம் ஊதாவாக மாறினால் உடனே விளக்கைக் குறை சொல்ல வேண்டாம். குளிர்ந்த மண்ணில் வேர் பாஸ்பரஸை எடுக்க முடியாதபோதும் அப்படி ஆகும். முதலில் மண்ணின் வெப்பத்தைப் பாருங்கள்.

வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேறட்டும். தண்ணீர் வயர் வழியே வழிந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. டைமரையும் நீட்டிப்புப் பலகையையும் தட்டை விட உயரத்தில் மாட்டுங்கள்.

இன்னொரு செலவு எல்லா விளக்குக்கும் பொது: வெயிலுக்குப் பழக்கும் நாட்கள். 200 மைக்ரோமோலில் வளர்ந்த இலையை 2,000 மைக்ரோமோல் வெயிலில் ஒரே நாளில் வைத்தால் வெள்ளைத் திட்டுகளாக வெந்துவிடும். ஜன்னலில் வளர்ந்ததும் தப்பாது, கண்ணாடி புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. முதல் நாள் நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு காலை வெயில், அப்புறம் முழு வெயில் என்று 7 முதல் 10 நாள் ஒதுக்குங்கள். நடவு நாளைக் குறிக்கும்போதே இந்த நாட்களையும் விதைப்புக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

## உங்கள் நிலை எது

ஒரு தட்டுத் தக்காளி, மிளகாய் மட்டும், வருடத்துக்கு ஒரு பருவம் என்றால்: இரண்டடி எல்இடி டியூப் நான்கு, நெருக்கமாக, 16 மணி நேரம்.

நான்கைந்து தட்டு, அலமாரியில் இடம் உண்டு என்றால்: அடுக்குக்கு மூன்று நான்கு நான்கடி டியூப். ஒரு அடுக்கை முழுதாக அமைத்து, அதில் நாற்று எப்படி வருகிறது என்று பார்த்த பிறகு அடுத்த அடுக்குக்கு வாங்குங்கள்.

நாற்றுக்குப் பிறகும் செடி உள்ளேயே காய்க்க வேண்டும் என்றால் டியூப் போதாது. திருகுள்ள பேனலுக்குப் போங்கள், நாற்றுப் பருவத்தில் 40 சதவீதத்தில் வைத்து, வளர வளரக் கூட்டுங்கள்.

இந்தப் பருவம் விளக்கு வாங்க முடியாது என்றால், விதைப்பைத் தள்ளிப்போடுங்கள். மங்கிய ஜன்னலில் எட்டு வாரம் நீண்டு வளர்ந்த மிளகாய் நாற்றை விட, பகல் நீண்ட பிறகு நான்கு வாரத்தில் வளர்ந்த குட்டை நாற்று நட்ட இடத்தில் விரைவாகப் பிடித்துக்கொள்ளும்.